வேலை முடிச்சு குடுத்தாச்சு, ஏஜென்சி பைசா தரல – ஃப்ரீலான்சருக்கு சட்டத்துல ஏதாவது வழி இருக்கா?

தக்கலை_சப்டைட்டில்:

எல்லாருக்கும் வணக்கம். நான் தக்கலை பக்கம், வீட்டுல இருந்தே மலையாளத்துல இருந்து தமிழுக்கு சப்டைட்டிலும் ட்ரான்ஸ்லேஷனும் பண்றேன். நம்ம ஊர்ல ரெண்டு மொழியும் சின்னதுலயே வந்துருமே, அத வச்சு தான் ஆரம்பிச்சேன், இப்பம் வீட்டுச் செலவுல பாதி இதுல தான் ஓடுது.

விஷயம் என்னன்னா கொச்சியில ஒரு ஏஜென்சி, பேரு வேண்டாம். அவங்க பெரிய கம்பெனிகள்ட்ட இருந்து வேலைய மொத்தமா எடுத்து எங்கள மாதிரி ஆட்களுக்கு பிரிச்சு குடுப்பாங்க. ஒரு வெப் சீரிஸ், கூடவே ஒரு ஆன்லைன் கோர்ஸ், ரெண்டுக்கும் நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு மெயில்ல ரேட் பேசி, 60 நாள்ல பேமெண்ட்னு அவங்களே எழுதியிருந்தாங்க. சொன்ன தேதிக்கு முன்னாடியே ஃபைல் எல்லாம் அனுப்பிட்டேன். மொத்தம் 74,000 ரூபா. சீரிஸ் ரிலீசும் ஆயிட்டு, எனக்க வரிய ஊரே வாசிச்சு முடிச்சாச்சு, எனக்கு மட்டும் ஒரு ரூபா கிட்டல.

கேட்டா முதல்ல "எங்க கிளையண்ட் இன்னும் பேமெண்ட் விடல, வந்த உடனே உங்களுக்கு தான் முதல்ல"ன்னு சொல்லிட்டு இருந்தாங்க. நான் கொஞ்சம் அழுத்திக் கேட்டதும் இப்பம் புதுசா "குவாலிட்டி இஷ்யூ இருக்கு, 30 சதவீதம் பிடிப்போம்"னு ஒரு மெசேஜ். ஃபைல் குடுத்தப்போ "சூப்பர், அப்ரூவ்ட்"னு அனுப்பின அதே ஆளு.

லேபர் ஆபீஸ்ல விசாரிச்சேன், நீங்க அங்க எம்ப்ளாயி இல்லையே, இது எங்களுக்கு வராதுன்னு சொல்லிட்டாங்க. போலீஸ்ல குடுக்கலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறார். ஸ்டாம்ப் பேப்பர்ல அக்ரிமெண்ட்னு ஒண்ணும் கிடையாது, மெயிலும் வாட்ஸ்ஆப்பும் தான். வக்கீல் வச்சா 74,000ல எவ்வளவு மிஞ்சும்னும் ஒரு பயம். ஆருட்ட போனா நடக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வடசேரி_ரைடர்:

அக்கா, நான் நாகர்கோவில்ல சாப்பாடு டெலிவரி ஓட்டுறேன். எங்கள மாதிரி ஆப்ல வேலை பாக்குறவங்களுக்கு தமிழ்நாட்டுல நலவாரியமே இருக்கு, 2023 டிசம்பர்ல அரசு அமைச்சது. மத்திய அரசோட இ-ஷ்ரம் தொழிலாளர் பதிவுலயும் சேந்திருக்கேன். 2025 பட்ஜெட்ல எங்க ஆட்கள்ல 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபா மானியம்னு கூட அறிவிச்சாங்க. இப்ப மத்திய அரசோட சோஷியல் செக்யூரிட்டி கோட்ங்கிற சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேற 2025 நவம்பர் 21ல இருந்து அமலுக்கு வந்தாச்சு, அதுல கிக் வொர்க்கர்னு பேரு போட்டே எழுதியிருக்கு. நீங்களும் கம்பெனி ஆள் இல்லாம தனியா வேலை செய்றவங்க தானே, அதுல கம்ப்ளெயிண்ட் குடுத்து பாக்கலாமே?

குழித்துறை_வக்கீல்:

ரைடர் தம்பி சொன்னதுல தகவல் எல்லாம் சரி, ஆனா அது இந்த அக்காவுக்கு பைசா வாங்கித் தராது, அத முதல்லயே சொல்லிடறேன், இல்லைன்னா நாலு ஆபீஸ் ஏறி இறங்கி நாள் தான் போகும்.

அந்தக் கோட்ல கிக் வொர்க்கர்ங்கிறதுக்கு விளக்கம் ரொம்ப அகலமா தான் இருக்கு, வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளிய வேலை செஞ்சு சம்பாதிக்கிற யாருன்னாலும் உள்ள வரலாம். ஆனா அதுக்கு கீழ பைசா போடப் போறது அக்ரிகேட்டர்னு சொல்ற ஆப் கம்பெனிகள், வருஷ டர்ன்ஓவர்ல 1ல இருந்து 2 சதவீதம், அதுவும் தொழிலாளிகளுக்கு அவங்க குடுக்குற தொகையில 5 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு உச்சவரம்பு வேற. அந்த நிதி இன்சூரன்ஸ், பிரசவ உதவி, முதியோர் பாதுகாப்பு மாதிரி விஷயங்களுக்கு. நம்ம மாநில வாரியமும் 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்துக்கு கீழ வர்ற நலவாரியம் தான். விபத்து நடந்தா கை குடுக்கும், எவனோ தர வேண்டிய பில்ல வசூல் பண்ணித் தராது. லேபர் ஆபீஸ்காரங்க சொன்னதும் அதே காரணம் தான், சம்பள பாக்கிய கேக்கறதுக்கு நீங்க தொழிலாளியா இருக்கணும். உங்க நேரத்த, வேலை செய்ற முறைய எல்லாம் அந்த ஏஜென்சி கட்டுப்படுத்துச்சா? இல்ல. அதனால அந்தக் கதவு மூடிட்டு.

இனி திறந்திருக்கிற கதவுக்கு வருவோம். உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு ஒப்பந்தம் இருக்கு. 1872 ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சே ஒப்பந்தம் ஆகும், மெயில்ல நடந்தாலும் செல்லும்னு ஐடி சட்டத்துல 10ஏ பிரிவு தனியா சொல்லுது. ஸ்டாம்ப் பேப்பர் இல்லைன்னா ஒண்ணும் நடக்காதுன்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை, அத விடுங்க. ரேட் எழுதியிருக்கு, தேதி எழுதியிருக்கு, "அப்ரூவ்ட்"ங்கிறான், இதுக்கு மேல என்ன வேணும்?

"கிளையண்ட் தரல"ங்கிறது உங்க பிரச்சனையே இல்ல. உங்களுக்கு வேலை குடுத்தது ஏஜென்சி, பைசா தர வேண்டியது ஏஜென்சி. அவங்களுக்கு மேல இருக்கிறவன் குடுத்தானா இல்லையாங்கிறது அவங்க ரெண்டு பேருக்குள்ள. "கிளையண்ட் தந்தா தான் தருவோம்"னு ஆரம்பத்துல எழுதி நீங்க சரின்னு சொல்லியிருந்தா மட்டும் வாதம் வேற மாதிரி போகும். பழைய மெயில்ல அப்படி ஒரு வரி இருக்கான்னு நல்லா பாருங்க, பொடி எழுத்துல கீழ கிடக்கும்.

போலீஸ் பத்தி. ஏமாத்தணும்னு ஆரம்பத்துலயே எண்ணம் இருந்தா தான் அது மோசடி. வேலை வாங்கிட்டு பிறகு இழுத்தடிச்சா அது சிவில், ஸ்டேஷன்ல அதத் தான் சொல்லி அனுப்புவாங்க. வீட்டுக்காரர அலைய விடாதீங்க.

காலக்கெடு மூணு வருஷம், பைசா தர வேண்டிய தேதியில இருந்து. அதுக்குள்ள கேஸ் போடணும். இதுல ஒரு நல்லது, தர வேண்டியது இருக்குன்னு அவங்க எழுத்துல ஒத்துக்கிட்டா அந்தத் தேதியில இருந்து மூணு வருஷம் புதுசா ஓடும். அதனால ஃபோன்ல பேசறத குறைச்சு மெயில்ல பேசுங்க. ஃபோன்ல அவன் தேனா பேசுவான், அதுல ஒரு பிரயோஜனமும் கிடையாது.

செலவு பத்தி பயப்படாதீங்க. பெண்களுக்கு வருமான வரம்பே பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துல 12வது பிரிவு. நாகர்கோவில் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, உங்களுக்கு பத்மநாபபுரம் தான் பக்கம், அங்க வட்டக் குழுட்ட கேளுங்க, இல்லைன்னா 15100க்கு கூப்பிடுங்க. கேஸ் போடறதுக்கு முன்னாடியே லோக் அதாலத்துக்கு மனு குடுக்கலாம், ஃபீஸ் கிடையாது, அங்க சமரசம் ஆனா அது கோர்ட் டிக்ரி மாதிரி, அப்பீல் கிடையாது. ஆனா எதிர்த்தரப்பு வந்து ஒத்துக்கிட்டா தான் நடக்கும், வரலைன்னா அங்க முடிஞ்சுது, பிறகு சூட், அதாவது சிவில் கேஸ் தான். சாதாரணமா சூட் போட்டா தமிழ்நாட்டுல கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம், 74,000க்கு 2,220 ரூபா.

மார்த்தாண்டம்_எடிட்டர்:

வக்கீல் அண்ணா கோவப்படாதீங்க, ஆனா இதெல்லாம் கேக்க நல்லா இருக்கும், நடப்பு வேற. நான் கல்யாண வீடியோ எடிட்டிங், ஆல்பம் டிசைன் பண்றேன், களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் வரைக்கும் ஸ்டுடியோக்காரங்க வேலை தருவாங்க. சிங்ஙம், அதான் நம்ம ஆவணி மாசம் வந்தா ராத்திரி பகல் தெரியாது, ஹார்ட் டிஸ்க் கொண்டு வந்து மேசையில அடுக்கிட்டு போவாங்க. பைசா கேக்க போனா "பார்ட்டி இன்னும் செட்டில் பண்ணல மக்கா"ன்னு ஒரே பாட்டு. இவனுகளுக்கு எல்லாம் கேஸ் போட்டா அடுத்த சீசன்ல ஒருத்தனும் வேலை தர மாட்டான், சின்ன ஊரு, எல்லாவனுக்கும் எல்லாவனையும் தெரியும்.

எனக்க வழி இது தான். பாதி அட்வான்ஸ் வராம டிஸ்க்க கம்ப்யூட்டர்ல சொருக மாட்டேன். பார்வைக்கு குடுக்கிறது குறைஞ்ச குவாலிட்டி, குறுக்க வாட்டர்மார்க் போட்டு. முழு பைசா வந்த பிறகு தான் ஒரிஜினல் ஃபைல். இது ஒண்ணு செஞ்ச பிறகு எனக்கு எந்தச் சட்டமும் தேவைப்படல. அக்கா நீங்க முழு ஃபைலையும் குடுத்துட்டீங்க, இனி அந்த 30 சதவீதத்த விட்டுக் குடுத்து மிச்சத்த வாங்கப் பாருங்க, அது தான் புத்தி.

குழித்துறை_வக்கீல்:

எடிட்டர் தம்பி, அட்வான்ஸ் விஷயத்துல நூத்துக்கு நூறு ஒத்துக்கிடறேன், அத விட பெரிய சட்டம் இல்ல. ஆனா சப்டைட்டில் வேலையில வாட்டர்மார்க் போட்டு காட்ட முடியாதே, எழுத்து ஃபைல், பாத்தா எடுத்தாச்சு.

30 சதவீதத்த விடுங்கன்னு சொன்னதுல எனக்கு சம்மதம் இல்ல. அக்கா கையில ஒரு பலம் இருக்கு, அது அவங்களுக்கே தெரியல. பதிப்புரிமைச் சட்டம் 1957 எடுத்துக்கிடுங்க. மொழிபெயர்ப்பு தனியா ஒரு இலக்கியப் படைப்பு, சம்பளத்துக்கு இருக்கிற ஊழியர் செஞ்சா தான் முதலாளிக்கு போகும், ஃப்ரீலான்சர் செஞ்சா முதல் உரிமையாளர் செஞ்சவர் தான். அத இன்னொருத்தருக்கு மாத்திக் குடுக்கணும்னா எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும், 19வது பிரிவு. அந்த எழுத்துலயும் எத்தனை வருஷம்னு சொல்லலைன்னா அஞ்சு வருஷம் தான், எந்த நாடுன்னு சொல்லலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும் தான். அக்கா எதுலயாவது கையெழுத்து போட்டு குடுத்தீங்களா? இல்லைன்னா, பைசாவும் தராம, உரிமையும் எழுதி வாங்காம அந்த ஏஜென்சி உங்க வரிகள மேல இருக்கிற பெரிய கம்பெனிக்கு வித்திருக்கு. பெரிய கம்பெனியோட சட்டப் பிரிவுக்கு இந்த மாதிரி ஒரு மடல் போனா அந்த ஏஜென்சிக்கு தான் தலைவலி. நான் உடனே அங்க எழுதச் சொல்லல, முதல்ல ஏஜென்சிக்கு எழுதற மடல்ல ஒரு வரி இதப் பத்தி இருந்தா போதும். படிக்கிறவனுக்கு புரியும்.

ஆனா எடிட்டர் தம்பி, உங்க தொழிலுக்கு இது அப்படியே பொருந்தாது. ஃபோட்டோ, வரைஞ்ச ஓவியம், வீடியோ இதெல்லாம் ஒருத்தர் பைசா தந்து செய்யச் சொன்னா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல சொன்னவருக்கு தான் உரிமைன்னு அதே சட்டத்துல 17வது பிரிவு சொல்லுது. உங்களுக்கு வாட்டர்மார்க் தான் வக்கீல்.

தக்கலை_சப்டைட்டில்:

ரொம்ப நன்றி அண்ணா. எதுலயும் கையெழுத்து போடல. மெயில் முழுக்க தேடிட்டேன், கிளையண்ட் தந்தா தான் தருவோம்னு எங்கயும் இல்ல. எடிட்டர் தம்பி சொன்ன மாதிரி விட்டுக் குடுத்துருவோம்னு தான் முந்தாநேத்து வரைக்கும் நினைச்சேன், ஆனா 30 சதவீதம்னா 22,200 ரூபா, பிள்ளைக்க ஸ்கூல் ஃபீஸ். இன்னொரு சந்தேகம், எனக்க பிரெண்ட் ஒருத்தி எம்எஸ்எம்இ-ல, அதான் குறு, சிறு, நடுத்தரத் தொழில்னு பதிஞ்சா 45 நாள்ல பைசா தந்தே ஆகணும்னு சொன்னா. எனக்கு கடையும் இல்ல கம்பெனியும் இல்ல, ஒரு லேப்டாப்பும் ஹெட்செட்டும் தான், நான் எப்படி அதுல வருவேன்?

கோணம்_கணக்கு:

இதுக்கு நான் சொல்றேன், இது எனக்க ஏரியா, ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை.

லேப்டாப் போதும். உத்யம்ங்கிறது தான் அந்த எம்எஸ்எம்இ பதிவு, அதுல சேவைத் தொழிலும் வரும், ஒத்த ஆளா செய்றவங்களும் வரலாம், தனிநபர் உரிமையாளர்னு குடுக்கணும். ஆதார், பேன் போதும், ஆன்லைன்ல அரசு தளத்துலயே பண்ணலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. அது முக்கியம், ஏன்னா கூகுள்ல தேடினா அரசு தளம் மாதிரியே வேஷம் போட்டு 2,000, 3,000 கேக்குற தளங்கள் தான் மேல வரும். சந்தேகம்னா நாகர்கோவில் கோணத்துல மாவட்ட தொழில் மையம் இருக்கு, நேர்ல போய் கேளுங்க. 2025 ஏப்ரல்ல இருந்து மைக்ரோங்கிற பிரிவுக்கு டர்ன்ஓவர் வரம்பு 10 கோடி, நம்மள்ல யாரு அத தாண்டப் போறோம்.

பதிஞ்சா என்ன கிட்டும்னா, 2006 எம்எஸ்எம்இடி சட்டம் 15வது பிரிவு, எழுத்துல தேதி பேசியிருந்தா கூட 45 நாளுக்கு மேல போகக்கூடாது. உங்களுக்கு 60 நாள்னு எழுதினாங்களே, அதுவே செல்லாது. ஒண்ணும் பேசலைன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டுல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 5.5னு வச்சா 16.5 சதவீதம் ஆச்சு. பிறகு இந்த குவாலிட்டி கதை, வேலைய வாங்கி 15 நாளுக்குள்ள எழுத்துல குறை சொல்லலைன்னா ஏத்துக்கிட்டதா தான் சட்டம் எடுத்துக்கிடும். இந்தப் பாக்கி புகாருக்குன்னே அரசு போர்ட்டல் இருக்கு, அதுல போட்டா மாநிலத்துல இருக்கிற ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்கு, அதாவது இந்தத் தகராற விசாரிக்கிற குழுவுக்கு போகும். வேலை செஞ்சு குடுத்தவர் எந்த மாநிலமோ அங்க உள்ள கவுன்சிலே விசாரிக்கலாம், நீங்க கொச்சிக்கு ஓட வேண்டாம், அவங்க தான் இங்க பதில் சொல்லணும். தீர்ப்ப எதிர்த்து கோர்ட்டுக்கு போகணும்னா 75 சதவீதம் தொகைய முதல்ல கட்டணும், அதுல தான் பல கம்பெனிகள் அடங்கும். 90 நாள்ல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, முடியாது, இழுக்கும், அதையும் சொல்லிடறேன்.

இன்னொரு பிடி வருமான வரியில இருக்கு. மைக்ரோ, ஸ்மால் ஆட்களுக்கு அந்த 45 நாளுக்குள்ள தரலைன்னா, தர்ற வரைக்கும் அந்தச் செலவ கம்பெனி கணக்குல கழிக்க முடியாது, 2023 நிதிச் சட்டத்துல கொண்டு வந்தாங்க, 1961 சட்டத்துல 43பி-எச்னு நம்பர். அதனால மார்ச் வந்தா கம்பெனி ஆடிட்டரே கேப்பார், "உத்யம் நம்பர் உள்ளவங்களுக்கு பாக்கி ஏதும் இருக்கா"ன்னு. இன்வாய்ஸ்ல உத்யம் நம்பர அடிச்சு அனுப்புங்க, நாம பத்து தடவ ஃபோன் பண்றத விட அது அவங்க அக்கவுண்ட்ஸ் ஆட்கள்ட்ட வேலை செய்யும்.

குழித்துறை_வக்கீல்:

கணக்கு சார் சொன்னது அத்தனையும் சரி, ஒரு முட்டுக்கட்டை மட்டும் விட்டுட்டார். வேலைய ஏத்துக்கிட்ட அன்னைக்கு பதிவு இருந்திருக்கணும், பிறகு பதிஞ்சிட்டு பழைய பாக்கிக்கு இந்தச் சட்டத்த பிடிக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2021ல சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்குல சொல்லியாச்சு, 2022லயும் அதையே சொன்னாங்க. 2025 ஜனவரில இன்னொரு பெஞ்ச், பதிவு கட்டாயம்னு சட்டத்துல எங்க இருக்குன்னு கேட்டு, மூணு நீதிபதி பெஞ்சுக்கு அனுப்பினாங்க. அத நம்பி இந்த 74,000க்கு அந்தக் கவுன்சில்ல போய் நிக்கச் சொல்ல மாட்டேன். இதுக்கு ஒப்பந்தச் சட்டமும் நோட்டீசும் தான். ஆனா உத்யம் இன்னைக்கே பதிங்க, அடுத்த வேலைக்கு ஆகும். இதப் படிக்கிற எல்லா ஃப்ரீலான்சரும் பதிங்க. தொழிலாளின்னு போய் நின்னா நமக்கு சட்டம் கதவு திறக்காது, சின்ன தொழில் முனைவோர்னு போய் நின்னா திறக்கும். ஏன் அப்படின்னு கேட்டா எனக்கும் நியாயமா படல, ஆனா இப்போதைக்கு இருக்கிறது அது தான்.

சுசீந்திரம்_கோடர்:

வெளிநாட்டுல இதுக்குன்னே சட்டம் போட்டுட்டாங்க. நான் அமெரிக்கா கிளையண்டுகளுக்கு வெப்சைட் பண்றேன், அதனால தேடி படிச்சது. நியூயார்க் சிட்டியில 2017 மே மாசத்துல இருந்து ஃப்ரீலான்சர் வேலை 800 டாலர் அல்லது அதுக்கு மேலன்னா எழுத்துல ஒப்பந்தம் கட்டாயம், தேதி பேசலைன்னா வேலை முடிஞ்சு 30 நாளுக்குள்ள பைசா, இழுத்தடிச்சா ரெட்டிப்பா கேட்டு கேஸ் போடலாம். 2024 ஆகஸ்ட் 28ல இருந்து நியூயார்க் மாநிலம் முழுக்க வந்தாச்சு. இல்லினாய்ஸ்ல 2024 ஜூலை, கலிபோர்னியாவுல 2025 ஜனவரி, கலிபோர்னியாவுல 250 டாலர் வேலைக்கே ஒப்பந்தம் எழுதணும். பைசா கேட்டதுக்காக அடுத்த வேலைய தராம பழிவாங்கினாலும் குத்தம், எடிட்டர் அண்ணன் சொன்ன சின்ன ஊரு பயத்துக்கு அது தான் மருந்து. நாம சுசீந்திரத்துல இருந்துட்டு நியூயார்க்ல கேஸ் போடறது நடக்குற காரியம் இல்ல, ஆனா அந்த ஊர் கிளையண்ட்ட ஒப்பந்தம் கேக்குறப்போ கூச்சப்பட வேண்டியதில்ல, அவங்க ஊர்ச் சட்டமே கேக்கச் சொல்லுது. நம்ம ஊர்ல ஆப்ல ஓட்டுறவங்களுக்கு ராஜஸ்தான் 2023ல, கர்நாடகா 2025ல சட்டம் கொண்டு வந்தாங்க, நல்லது தான், ஆனா நம்மள மாதிரி மெயில்ல வேலை வாங்கி மெயில்ல குடுக்கிறவன எந்தக் கணக்குலயும் எழுதல.

குலசேகரம்_ரப்பர்:

நடுவுல ஒரு கேள்வி, மன்னிச்சுக்கிடுங்க. எனக்க தங்கச்சி வீட்டுல இருந்து டேட்டா என்ட்ரி வேலைன்னு ஆன்லைன்ல ஒரு அக்ரிமெண்ட்ல கையெழுத்து போட்டா. ஃபைல அடிச்சு குடுத்ததும் தப்பு கூடிப் போச்சு, அக்ரிமெண்ட்ட மீறிட்ட, 6,500 ரூபா கட்டு, இல்லைன்னா கேஸ், அரெஸ்ட்னு வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒண்ணு வாட்ஸ்ஆப்ல வந்திருக்கு. கோர்ட் முத்திரை எல்லாம் போட்டிருக்கு. அவ ரெண்டு நாளா சாப்பிடல. இதுவும் ஃப்ரீலான்ஸ் கேஸ்ல வருமா?

குழித்துறை_வக்கீல்:

இது ஃப்ரீலான்ஸும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, சுத்தமான ஃப்ராடு. தங்கச்சிய முதல்ல சாப்பிடச் சொல்லுங்க. டேட்டா அடிச்சதுல தப்பு வந்துச்சுன்னு யாரையும் அரெஸ்ட் பண்ண முடியாது, ஒப்பந்தத்த மீறினா நஷ்ட ஈடு கேட்டு சிவில் கேஸ் போடலாம், அவ்வளவு தான் எவனாலயும் முடியும். இவனுக அதுவும் போட மாட்டானுக, கோர்ட்டுக்கு வந்தா மாட்டிக்கிடுவான். வக்கீல் நோட்டீஸ்ல கோர்ட் முத்திரை இருக்கவே இருக்காது, அத ஒண்ண வச்சே தெரிஞ்சுக்கிடலாம். ஒரு ரூபா கட்டாதீங்க, ஒரு தடவ கட்டினா அடுத்த நோட்டீஸ் பெரிய தொகைக்கு வரும். 1930க்கு கூப்பிட்டு சைபர் கிரைம்ல பதிஞ்சிருங்க, மெசேஜ அழிக்காதீங்க. ஆதார், பேங்க் விவரம் குடுத்திருந்தா பேங்க்லயும் சொல்லி வைங்க.

தக்கலை_சப்டைட்டில்:

அண்ணா, வாட்ஸ்ஆப் மெசேஜ் எல்லாம் கோர்ட்ல எடுப்பாங்களா? ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்.

குழித்துறை_வக்கீல்:

எடுப்பாங்க, ஆனா ஸ்கிரீன்ஷாட் மட்டும் பத்தாது. இப்ப சாட்சியச் சட்டம் புதுசு, பாரதிய சாக்ஷிய அதிநியம், 2024 ஜூலை 1ல இருந்து. அதுல 63வது பிரிவுல ஒரு சான்று வைக்கணும், ஒரு பகுதி நீங்க, இன்னொரு பகுதி நிபுணர் கையெழுத்து. அது கேஸ் போடும்போது பாத்துக்கிடலாம். இப்போதைக்கு சாட்ட முழுசா எக்ஸ்போர்ட் பண்ணி மெயில்ல போட்டு வைங்க, அந்த ஃபோன விக்கவோ ரீசெட் பண்ணவோ செய்யாதீங்க.

கோணம்_கணக்கு:

அக்கா இன்னொண்ணு, வருமான வரி தளத்துல போய் உங்க 26ஏஎஸ், அதாவது உங்க பேர்ல யார் எவ்வளவு வரி பிடிச்சு கட்டினாங்கன்னு காட்டுற படிவம், எடுத்துப் பாத்தீங்களா? தொழில்முறை கட்டணத்துக்கு 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி பிடிக்கணும், பைசா கையில தரும்போது தான்னு இல்ல, அவங்க கணக்கு புத்தகத்துல உங்களுக்கு தர வேண்டியதுன்னு எழுதினதுமே பிடிச்சு கட்டணும். உங்களுக்கு தரலைன்னாலும் கணக்குல எழுதியிருப்பாங்க, செலவு காட்டணுமே. பாத்துட்டு சொல்லுங்க.

தக்கலை_சப்டைட்டில்:

பாத்தேன். இருக்கு. ஏஜென்சி பேரு, 74,000ன்னு தொகை, 7,400 டிடிஎஸ். எனக்கு ஒரு பைசா தராம எனக்க பேர்ல வரி கட்டியிருக்காங்க. இத என்ன சொல்லன்னே தெரியல.

குழித்துறை_வக்கீல்:

கணக்கு சாருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. அக்கா, அதுல என்ன தெளிவாகுதுன்னா, 74,000 முழுசும் உங்களுக்கு தர வேண்டியதுன்னு அவங்களே அரசாங்கத்துட்ட சொல்லியிருக்காங்க. 30 சதவீதம் பிடிக்கணும்னா 51,800க்கு தானே கணக்கு எழுதியிருக்கணும்? குவாலிட்டி பேச்சு அங்கயே விழுந்துட்டு. அத டவுன்லோட் பண்ணி வைங்க. இனி ஒரு மெயில் எழுதுங்க, எழுதினத இங்க போடுங்க, பாத்து சொல்றேன். அதுக்கும் பதில் வரலைன்னா சட்ட உதவி மூலமா வக்கீல் நோட்டீஸ், பிறகு சூட். பைசா உங்க பேங்குக்கு இங்க வந்து சேரணும், வேலையும் இங்க இருந்து தான் செஞ்சீங்க, அதனால பத்மநாபபுரத்துலயே போட வாதம் இருக்கு, "எர்ணாகுளம் கோர்ட் மட்டும்"னு எங்கயாவது எழுதி ஒத்துக்கிடல தானே?

தக்கலை_சப்டைட்டில்:

அப்படி ஒண்ணும் இல்ல. மெயில் இது, தமிழ்ல எழுதியிருக்கேன், அனுப்பும்போது இங்கிலீஷ்ல மாத்திக்கிடுவேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். பலமுறை நினைவூட்டியும் என் தொகை இன்னும் வரவில்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருப்பதால் மிகவும் சிரமமாக உள்ளது. தயவுசெய்து தாங்கள் கருணை கூர்ந்து விரைவில் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மார்த்தாண்டம்_எடிட்டர்:

அக்கா இது பைசா கேக்குற மாதிரி இல்ல, கடன் கேக்குற மாதிரி இருக்கு.

குழித்துறை_வக்கீல்:

தம்பி சொன்னது சரி. மன்னிக்கவும், கருணை, பள்ளிக் கட்டணம் மூணையும் எடுத்திருங்க, உங்க கஷ்டத்துக்காக அவங்க தரப் போறதில்ல. இப்படி இருக்கட்டும்:

"இன்ன தேதியில் தாங்கள் மின்னஞ்சலில் ஒப்புக்கொண்ட விகிதப்படி இரு பணிகளையும் முடித்து ஒப்படைத்தேன். இன்ன தேதியில் தாங்கள் அவற்றை ஏற்று எழுத்தில் உறுதி செய்தீர்கள். இன்வாய்ஸ் தொகை ரூ. 74,000. இம்முழுத் தொகைக்கும் ரூ. 7,400 வரிப் பிடித்தம் செய்து என் பேன் எண்ணில் செலுத்தியுள்ளீர்கள். 26ஏஎஸ் நகல் இணைப்பில். மீதி ரூ. 66,600 இம்மடல் கிடைத்த 15 நாட்களுக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும். தரக்குறைவு என்று கூறி எந்தத் தொகையும் பிடிப்பதை நான் ஏற்கவில்லை. என் மொழிபெயர்ப்புகளின் பதிப்புரிமையை எழுத்து மூலம் எவருக்கும் மாற்றித் தரவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். தவறினால் வட்டி, செலவுத் தொகையுடன் சட்ட நடவடிக்கை எடுப்பேன்."

இவ்வளவு தான். மெயில்ல அனுப்பி, அதையே பிரிண்ட் எடுத்து ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க, ரசீது பத்திரம். வாட்ஸ்ஆப்ல அனுப்பாதீங்க, பாத்துட்டு ஃபோன் அடிப்பான், நீங்க பேசி இளகிருவீங்க.

மார்த்தாண்டம்_எடிட்டர்:

அண்ணா கடைசியில "இப்படிக்கு தங்கள் உண்மையுள்ள"ன்னு போடணுமா, வேண்டாமா?

குழித்துறை_வக்கீல்:

பேரு, பேன், பேங்க் அக்கவுண்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி போட்டா போதும். அக்கவுண்ட் நம்பர் இல்லைன்னா "எங்க அனுப்பன்னு தெரியல"ன்னு அதுக்கு ஒரு மாசம் கடத்துவான்.